நான் கெடுக்காத புரி

அந்தத் துவக்குக் குழலின் புரியைக் கெடுத்தவன் நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பட்டறையில் இதை நான் சொன்னபோது காது கொடுத்துக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மன் பேசும் ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு வெளியே, சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். உழவு இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம், பால் கறக்கும் இயந்திரம் என்று சுற்றியுள்ள விவசாயிகளிடம் பழுதானது எல்லாம் அங்கேதான் வரும். யாழ்ப்பாணத்தில் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடையும் இடத்தில் ஏழு வருடம் லேத்தில் நின்றவன் நான். ஆனாலும் இங்கே என்னைச் சேர்த்துக்கொண்டது தரை கூட்டவும் எண்ணெய் துடைக்கவும்தான். மூன்றாவது மாதம் லேத்காரன் ஒருவன் வேலையை விட்டுப் போனதால் அந்த இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள். சம்பளம் மட்டும் தரை கூட்டுகிறவனுடைய சம்பளமாகவே இருந்தது. என் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. வேலை செய்வதற்கான அனுமதி அந்தப் பட்டறையின் பெயரில்தான் இருந்தது. முதலாளி ஒரு கடிதம் எழுதினால் அது போய்விடும். அதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி, போர்மன், நான். போர்மனுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் லேத்துக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஒன்பது மணித் தேநீருக்கு உட்காரும் மேசையில் மூன்று கதிரைகள் இருந்தன. நான் உட்காரப் போன முதல் நாளே மூன்றாவது கதிரையில் தன் பையைத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பை அங்கேயே இருந்தது. நான் லேத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பாண் சாப்பிட்டேன். நானும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. அவருடைய சுங்கான் புகையிலை மணம், அவர் விசிலடிக்கும் ஒரே மெட்டு, எச்சில் தொட்டுத் தாள் புரட்டும் விதம் எல்லாவற்றையும் வெறுத்தேன். காலையில் வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அந்த நாட்டில் வணக்கம் சொல்லாமல் ஒருவரைக் கடந்து போவது முகத்தில் துப்புவதற்குச் சமம். தெரிந்துதான் செய்தேன்.

முதலாளி தன் ஊரின் சுடுதல் கழகத்தில் அங்கத்தவர். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் அப்படிக் கழகங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மணியும் வெடிச் சத்தமும் சேர்ந்தே கேட்கும். அவருடைய தகப்பன் விட்டுப் போன பழைய இராணுவத் துவக்கு ஒன்று இருந்தது. அதன் குழல் தேய்ந்துவிட்டதால் யாரிடமோ நல்ல பழைய குழல் ஒன்றை வாங்கி வந்து, இலையுதிர் காலப் போட்டிக்கு முன் மாற்றித் தரும்படி போர்மனிடம் கொடுத்திருந்தார். குழலின் அடியில் திருகாணிக்கு இருப்பது போலப் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியால்தான் குழலைத் துவக்கின் உடலில் திருகிப் பூட்டுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். போர்மன் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். குழலைச் சரிவாகப் பிடித்துத் திருகத் தொடங்கி, இறுகியதும் எடுத்துப் பார்க்காமல் நீளத் திருகுசாவியைப் போட்டு இழுத்திருக்க வேண்டும். எனக்கு முதுகுப் பக்கம்தான் நடந்தது. ஆனால் இரும்பை இரும்பு தின்னும் சத்தம் லேத்தில் நின்ற எவனுக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தேன். அவர் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை அந்தத் துணிச்சுருள் என் லேத்துக்குக் கீழே இருந்த தட்டில் இருந்தது. முதலாளி வந்து அதை எடுத்துப் பிரித்தார். தொடக்கத்து நாலு புரியும் நசுங்கி ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. போர்மன் அந்தப் பக்கம் பார்க்காமல் உழவு இயந்திரத்துக்குக் கீழே படுத்திருந்தார். நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். யார் செய்தது என்ற கதை தனக்கு வேண்டாம் என்றார் முதலாளி. மாத முடிவுக்குள் அதைச் சரிப்படுத்து, இல்லாவிட்டால் எனக்கு ஆள் தேவையில்லை என்று அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிப் போடுவேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

புரியைத் திருத்தும் வழி எனக்குத் தெரியும். கருவிதான் இல்லை. லேத்தில் பிடித்து மறுபடி இழைக்கலாம் என்றால், எங்கள் பழைய லேத்தில் அந்தப் புரியின் இடைவெளிக்குப் பொருந்தும் பற்சக்கரம் இல்லை. அந்த அளவில் புரி வெட்டும் டை என்ற கருவி கடைகளில் கிடைக்காது, சொல்லித்தான் செய்விக்க வேண்டும். அப்படிச் செய்கிற ஒருவரிடம் தொலைபேசியில் விலை கேட்டேன். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாகச் சொன்னார். எஞ்சியது ஒரே வழி. புரி அரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சாண் நீளத்தில் சதுரமான உருக்குக் கம்பி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு இடைவெளியில் பற்கள் இருக்கும். பழுதாகாத புரியில் பற்களைப் பொருத்தி, அங்கிருந்து நசுங்கிய பக்கமாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் படுத்த புரி மெல்ல மெல்ல வழிக்கு வரும். பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அப்படிப்பட்ட அரங்கள் ஒரு முழுத் தொகுதியாகப் போர்மனின் இழுப்பறையில் இருந்தன. அவர் எடுத்துப் பாவித்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். என் மானத்தை விழுங்கிக்கொண்டு ஒரு தடவை கேட்டேன். தன் சொந்தக் கருவிகளைத் தன் பல்துலக்கி போல நினைப்பதாகவும், யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொல்லி, நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இழுப்பறையைப் பூட்டினார். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை.

நகரத்தில் இருந்த கருவிக் கடைக்கு மதிய இடைவேளையில் போனேன். கடைக்காரர் முதலில் நன்றாகத்தான் கதைத்தார். தனி அரமாக விற்பதில்லை, தொகுதியாகத்தான் தருவோம் என்றார். மலிவாக ஒன்று, பழையதென்றாலும் பரவாயில்லை, இருக்குமா என்று கேட்டேன். எதற்கு என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. துவக்குக் குழலுக்கு என்றேன். அவர் கையிலிருந்த விலைப் புத்தகத்தை மூடினார். எந்த நாடு என்று கேட்டார், அனுமதி அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் கழித்து வந்து, என்னைப் போன்றவர்களுக்கு விற்க முடியாது என்று சொல்லி அட்டையை மேசையில் போட்டார். கையில் தரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, நான் இருந்த வீட்டின் நிலவறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர் வந்தார்கள். அந்த வீட்டில் தோய்க்கும் இயந்திரம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு நேரம். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு காலை. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கிளறினார்கள். குழல் யாருடையது, எங்கே இருக்கிறது, இயக்கத்துக்குக் காசு சேர்க்கிறாயா, ஊரில் துவக்குத் தூக்கினாயா என்று மாறி மாறிக் கேட்டார்கள். புரியின் அளவுகளை எழுதி வைத்திருந்த என் கொப்பியைக் கண்டதும் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். இலங்கையர் ஆயுத விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியாதா என்றார். அரம் ஆயுதம் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. நான் கீழே போனபோது அடுத்த முறைக்காரி என் ஈர உடுப்புகளை அள்ளிக் கதவுக்கு வெளியே தரையில் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு வைத்து ஏசினார். அவர் கோபம் போலீஸ் என் அறைக்கு வந்ததற்காக இல்லை. விசாரிப்பதற்காக அவருடைய பட்டறைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்களாம். போர்மன் அன்றைக்கு முழுவதும் விசிலடித்தார்.

கொப்பி போனதால் குழலை மறுபடி எடுத்து அளந்தேன். இந்தத் தடவை எழுதி வைக்கவில்லை. ஒரு தகரத் துண்டின் ஓரத்தில் அந்தப் புரிக்குச் சரியாகப் பொருந்தும்படி பற்களை ராவி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் என்னோடு அதே பட்டறையில் நின்ற ஒருவன் அதே நாட்டில் பிரெஞ்சு பேசும் மலை ஊரான லா ஷோ-து-ஃபோனில் இருந்தான். மணிக்கூட்டுக் கூடுகளை மினுக்கும் தொழிற்சாலையில் வேலை. அவனுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர்களுடைய ஊரில் மூடிவிட்ட தொழிற்சாலை ஒன்றில் பழைய கருவிகளைப் பெட்டி பெட்டியாகப் போட்டு விற்கிறார்கள், சனிக்கிழமை வா, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான்.

மூன்று ரயில் மாறிப் போனேன். மேலே குளிர் தொடங்கியிருந்தது. அவனுடைய மனைவி மீன் குழம்பும் புட்டும் செய்து வைத்திருந்தா. அவவை அதற்கு முன் ஒரு தடவைதான் கண்டிருந்தேன், அவர்களுடைய கலியாணத்தில். சாப்பிடத் தொடங்கியபோது என்ன சாமான் தேடி வந்தனீங்கள் என்று கேட்டா. அவன் என்னை முந்திக்கொண்டு, ஏதோ ஓர் அரம், மெசின் வேலைக்கு என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக எல்லோரும் என்னைக் கள்ளனைப் போல நடத்தியதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. எதற்காக மறைக்க வேண்டும் என்று நினைத்தேன். துவக்குக் குழலுக்கு என்றேன்.

அவ கையில் இருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தா.

"துவக்குக்குச் சாமான் தேடியோ என்ர வீட்டை வந்தனீங்கள்?"

அது சண்டைக்குப் போகிற துவக்கு இல்லை, கிழவர்கள் ஞாயிற்றுக்கிழமை குறி வரைந்த மட்டையைச் சுடுகிற துவக்கு என்றேன்.

"எனக்கு உதெல்லாம் ஒண்டுதான் அண்ணை. என்ர தம்பியைச் சுட்டதும் ஆரோ ஒருத்தன் இருந்து திருத்திக் குடுத்த துவக்காத்தான் இருக்கும். அவனும் தன்ர வேலைதான் எண்டு சொல்லியிருப்பான்."

தம்பி சுடப்பட்டது எனக்குத் தெரியாது. நண்பன் சொல்லவே இல்லை. யார் சுட்டது என்று அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம். நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், இந்த வேலை போனால் என்னைத் திருப்பி அனுப்பக்கூடும், அதையும் யோசித்துப் பாருங்கள் என்று சொன்னேன். உரத்துத்தான் சொன்னேன்.

"அனுப்பினா அனுப்பட்டும்," என்றா. "சாப்பிட்டது காணுமெண்டா கையைக் கழுவுங்கோ."

கோப்பையில் பாதிப் புட்டு அப்படியே இருந்தது. எழும்பிக் கை கழுவினேன். நண்பன் என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைப் போட்டான். தொழிற்சாலைக்குப் போகும் வழி முழுவதும் எனக்கு நாலடி முன்னால் நடந்தான்.

விற்பனை நடந்த மண்டபத்தில் ஒரு பெரிய மனுசி வேலைக்காரர் போடும் நீல மேலங்கியோடு நின்றா. எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு வந்து பின்னால் நடக்கத் தொடங்கினா. வெள்ளைக்காரர் நாலைந்து பேர் தங்கள்பாட்டில் பெட்டிகளைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் போக அவவுக்குத் தேவை இருக்கவில்லை. நான் ஒவ்வொரு பெட்டியாகக் குந்தியிருந்து தேடினேன். ஊசி மாதிரி மெல்லிய அரங்கள்தான் ஆயிரக்கணக்கில் இருந்தன, மணிக்கூட்டு வேலைக்கானவை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். மூன்றாவது வரிசையில், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த பெட்டியின் அடியில், கறள் பிடித்த புரி அரம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. மூன்று பக்கங்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. நாலாவது பக்கத்தில் பற்கள் உயிரோடு இருந்தன. பையிலிருந்த தகரத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அப்போதும் பொருந்தியது.

அவ கேட்ட விலை ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசுதான். கொடுத்த பிறகு ஏதோ பிரெஞ்சில் சொன்னா. பையைத் திறந்து காட்டட்டாம் என்றான் நண்பன். திறந்தேன். பிறகு காற்சட்டைப் பையையும் காட்டச் சொன்னா. அதையும் வெளியே இழுத்துக் காட்டினேன். தகரத் துண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, தன்னுடைய சாமானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தா.

ரயில் நிலையத்தில்தான் நண்பன் வாய் திறந்தான்.

"இனிமேல் வாறதெண்டா சும்மா வா. உந்த மாதிரி அலுவலுக்கு வராதை."

சும்மா வர எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறினேன். அதற்குப் பிறகு அவன் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அரத்தை மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கறள் எடுத்தேன். குழலை ஈயத் தகடுகளுக்கு நடுவில் வைத்து வைஸ் இடுக்கியில் பிடித்து, பழுதாகாத புரியில் அரத்தைப் பொருத்தி, எண்ணெய் விட்டு, ஒரு திசையில் மட்டும் மெல்லத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, குழலைத் திருப்புவது, தூரிகையால் துடைப்பது, மறுபடி தேய்ப்பது. வழமையான வேலை முடிந்த பிறகுதான் அதற்கு நேரம் தந்தார் முதலாளி. நாலு பின்னேரம் எடுத்தது. போர்மன் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார். இரண்டாம் நாள், அது சரிவராது என்று முதலாளியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. நாலாம் நாள் துவக்கின் உடலை எடுத்து, கையால் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். முதல் சுற்று இறுகாமல் போனது. இரண்டாவதும் போனது. கடைசிவரை கையாலேயே போய் நின்றது.

முதலாளி அதைத் தானும் ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பார்த்தார். "போகுது," என்று மட்டும் சொன்னார். பிறகு துவக்கு வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ச் சோதித்து வாங்கினார். அவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

போட்டி முடிந்த கிழமை, பால் இயந்திரம் திருத்த வந்த விவசாயி ஒருவர், அவரும் அந்தக் கழகத்துக்காரர், போர்மனின் தோளில் தட்டி, துவக்கு வேலை அருமை என்றார். போர்மன் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். நான் ஐந்தடி தள்ளி நின்றேன்.

விவசாயி போனதும் முதலாளியின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. யார் திருத்தியது என்று கழகத்தில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தமிழன் ஒருவன் கை வைத்த துவக்கு என்று தெரிந்தால் கழகத்தில் தன் பக்கத்துத் தடத்தில் ஒருவனும் படுத்துச் சுட மாட்டான் என்றார். அப்படியென்றால் அதைக் கெடுத்தது யார் என்பதையும் நான் கழகத்தில் வந்து சொல்கிறேன் என்றேன்.

"ஆர் கெடுத்தது எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "வெள்ளிக்கிழமை நான் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பிறகு ஏன் என்னைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அவன் என்னட்டைப் பதினெட்டு வருசம். நீ எட்டு மாசம். அவனுக்கு நான் கடிதம் எழுதுவன் எண்டு சொல்லேலுமோ? உனக்குச் சொன்னா நீ செய்வாய். செய்தாய்தானே."

அதை அவர் வெட்கப்படாமல், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற மாதிரிச் சொன்னார். அடிக்கலாம் போல இருந்தது. அடித்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். லேத்துக்குத் திரும்பிப் போய் மிச்ச வேலையைச் செய்தேன். அன்றிலிருந்து அங்கே தேவைக்கு மேல் ஒரு சொல் நான் பேசவில்லை. வேறு இடம் தேட அனுமதி கிடைக்கும்வரை, பனிக்காலம் முடியுமட்டும் அங்கேயே இருந்தேன். போர்மன் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரேயொரு மாற்றம், நான் லேத்தில் நிற்கும்போது பின்னால் வந்து நின்று பார்ப்பதை விட்டுவிட்டார்.

வேலையை விடும்போது அந்த நாட்டில் முதலாளி ஒரு சான்றுக் கடிதம் தர வேண்டும். எனக்கும் தந்தார். அடுத்த கிழமை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் வாசித்தார். நேரம் தவறாதவர், சுத்தமானவர், சொன்னதைச் செய்பவர் என்று எழுதியிருந்தது. லேத் என்ற சொல்லே அதில் இல்லை.

அப்படியென்றால் துப்புரவு வேலை செய்திருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. இல்லை, லேத் வேலை என்றேன். கடிதத்தில் அப்படி இல்லையே என்று சொல்லித் துப்புரவு வேலைக்கான படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடி தள்ளினார். லேத் இருக்கிற இடத்தில் என்னை அரை மணித்தியாலம் நிற்க விடட்டும், பிறகு அவர்கள் சொல்லட்டும், இதில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், என்னை அனுப்பினால் போதும் என்ற முகத்தோடு பாண் போடும் வெதுப்பகங்களின் இயந்திரங்கள் திருத்தும் ஒரு தொழிற்சாலையின் விலாசத்தை எழுதித் தந்தார். அங்கே பத்து வருடம் லேத்தில் நின்றேன்.